லேன் வழி யுஎஸ்பி: இணைப்பு விட்டுப்போனால் எங்கிருந்து தேடுவது?

வேலூரில் சிஎம்சி மருத்துவமனையைச் சுற்றியுள்ள பல லாட்ஜுகளில் ரிசப்ஷன் கீழே இருக்கும், கணக்கு பார்க்கும் அறை மேல்மாடியில் இருக்கும். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்துத் தோல் கம்பெனிகளில் ஆபீஸ் வாசலோரம் இருக்கும், பேக்கிங் கடைசிக் கோடியில் நடக்கும். கம்ப்யூட்டர் ஓரிடம், அதில் செருக வேண்டிய லேபிள் பிரிண்டரோ, பார்கோடு ஸ்கேனரோ, எடைமேடையோ வேறிடம். இந்தத் தூரத்தைக் கடக்கத்தான் யுஎஸ்பி எக்ஸ்டெண்டர் பெட்டிகளை வாங்கி, நடுவில் லேன் கேபிள் ஓட்டுகிறோம்.

ஓடும்வரை நன்றாகத்தான் ஓடும். ஒருநாள் திரையின் மூலையில் "யுஎஸ்பி டிவைஸ் நாட் ரெகக்னைஸ்ட்" என்று வந்து நிற்கும். உடனே டிரைவரை அழித்து மறுபடி போடுவார்கள். அதற்கும் மசியாவிட்டால் விண்டோஸையே ஃபார்மட் அடித்துவிடுவார்கள். பெரும்பாலும் அந்த அரைநாள் உழைப்பு வீண்தான். நான் பார்த்தவரை கோளாறு கேபிளில் இருக்கும், கரண்டில் இருக்கும், இல்லையென்றால் பெட்டி எந்த வகை என்று தெரியாமல் மாட்டியதில் இருக்கும். சாஃப்ட்வேர் கடைசியில்தான் வரும். தேடும் வரிசையும் அப்படியே இருக்க வேண்டும்.

முதலில் பெட்டியின் வகையைக் கண்டுபிடியுங்கள்

இதைச் செய்யாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். ஒரே மாதிரி ஆர்ஜே 45 சாக்கெட் இருப்பதால் எல்லாம் ஒன்றுதான் என்று தோன்றும். உள்ளே நடக்கும் வேலை முற்றிலும் வேறு.

யுஎஸ்பி 2.0 கேபிளுக்கு 5 மீட்டர்தான் வரம்பு. சிக்னல் பலவீனமாவது மட்டும் அதற்குக் காரணமில்லை. கம்ப்யூட்டர் ஒரு கேள்வியை அனுப்பிவிட்டு, பதிலுக்கு ஒன்றிரண்டு மைக்ரோவினாடிதான் காத்திருக்கும். அதற்குள் பதில் வராவிட்டால் சாதனம் இல்லை என்றே எடுத்துக்கொள்ளும். நம் ஆபீஸ் லேனில் ஒரு பாக்கெட் போய்த் திரும்ப 1 மில்லிவினாடி ஆகிறது என்று வைத்துக்கொண்டால், அதுவே 1000 மைக்ரோவினாடி. ஆகவே நெட்வொர்க் வழியாக யுஎஸ்பியை அனுப்பும் எந்தப் பெட்டியும், கம்ப்யூட்டர் பக்கத்தில் "சாதனம் இங்கேயே இருக்கிறது" என்று பதில் சொல்லிக்கொண்டு, பின்னால் தரவை அனுப்பி வாங்கும் வேலையைச் செய்தாக வேண்டும். இதை எப்படிச் செய்கிறது என்பதில்தான் வகைகள் பிரிகின்றன.

பவர் அடாப்டரே இல்லாமல், கட்டைவிரல் அளவில் ஜோடியாக விற்கும் பிளாஸ்டிக் துண்டுகள் ஒரு வகை. இவற்றில் சிப் எதுவும் இருக்காது. யுஎஸ்பியின் நான்கு கம்பிகளையும் லேன் கேபிளின் இழைகளில் அப்படியே ஓட்டுகின்றன. அட்டையில் 45 மீட்டர் என்று போட்டிருந்தாலும் மவுஸ், கீபோர்டு தாண்டி எதையும் நம்பி மாட்ட முடியாது. சிசிடிவி டிவிஆருக்கு மவுஸ் இழுக்க இது போதும், பிரிண்டருக்கு வேண்டாம்.

அடுத்தது, இரண்டு பெட்டிகளுக்கு நடுவே ஒரே ஒரு லேன் கேபிள் மட்டும் ஓடும் வகை. பாயிண்ட் டு பாயிண்ட் என்பார்கள். கேபிள்தான் நெட்வொர்க் கேபிளே தவிர, அதில் ஓடுவது நெட்வொர்க் தரவு அல்ல. அந்தக் கம்பெனியின் சொந்த சிக்னல். இதை ஸ்விட்சில் செருகினால் வேலை செய்யாது. எவ்வளவு நேரம் போராடினாலும் செய்யாது.

மூன்றாவது வகைதான் உண்மையில் நெட்வொர்க் வழியாகப் போவது. ஸ்விட்ச் வழியாகச் செல்லும். இதிலும் இரண்டு உண்டு. ஒன்றில் கம்ப்யூட்டர் பக்கமும் பெட்டி, சாதனம் பக்கமும் பெட்டி. மற்றொன்றில் சாதனம் பக்கம் மட்டும் பெட்டி இருக்கும், கம்ப்யூட்டரில் ஒரு சாஃப்ட்வேர் ஓடும். இதை யுஎஸ்பி டிவைஸ் சர்வர் என்பார்கள். பெட்டியே இல்லாமல் இன்னொரு கம்ப்யூட்டரை வைத்து முழுக்க சாஃப்ட்வேராலேயே செய்வதும் இந்தக் குடும்பம்தான். லினக்ஸில் உள்ள யுஎஸ்பி ஐபி, விர்ச்சுவல்ஹியர் போன்றவை அப்படி.

எப்படி அடையாளம் காண்பது? பெட்டியின் அடியில் மேக் முகவரி (நெட்வொர்க் சாதனத்துக்குக் கம்பெனியே கொடுக்கும் அடையாள எண்) ஒட்டியிருந்தால் அது அநேகமாக நெட்வொர்க் வகை. கையேட்டில் ஐபி முகவரி (நெட்வொர்க்கில் பெட்டிக்குக் கிடைக்கும் எண்), ஸ்விட்ச் பற்றிய பேச்சே இல்லாமல் "கேட் 5இ அல்லது கேட் 6, 50 மீட்டர்" என்று மட்டும் இருந்தால் பாயிண்ட் டு பாயிண்ட். சந்தேகம் இருந்தால் மாடல் எண்ணைத் தேடிப் பாருங்கள். ஸ்விட்சில் செருகிப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டாம். கேமராவுக்காக வைத்த, லேன் கேபிளிலேயே கரண்டும் அனுப்பும் பிஓஇ ஸ்விட்சும் அதே ரேக்கில்தான் இருக்கும். முறையான பிஓஇ ஸ்விட்ச் எதிர்முனையைச் சோதித்த பிறகே கரண்ட் கொடுக்கும். ஆனால் வயர்லெஸ் ஆண்டெனாவோடு வரும் மலிவு இன்ஜெக்டர்கள் (லேன் கேபிளில் கரண்டை ஏற்றும் சிறு பெட்டிகள்) எதையும் கேட்காமல் 24 வோல்ட்டையோ 48 வோல்ட்டையோ தள்ளிவிடும். பாயிண்ட் டு பாயிண்ட் பெட்டி அதிலேயே போய்விடும். சில பெட்டிகள் தங்கள் ஜோடிக்குக் கரண்டை அதே கேபிளில் அனுப்புவதால், எதிர்ப்பக்கம் ஸ்விட்சின் போர்ட்டும் கெடலாம்.

எப்போது விட்டுப்போகிறது என்று கேளுங்கள்

"நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சுண்ணே" என்பதுதான் முதலில் வரும் பதில். அதோடு விடாமல் இன்னும் கொஞ்சம் கேளுங்கள். ஆரம்பத்திலிருந்தே வரவில்லையா, வந்து வந்து போகிறதா? பத்து நிமிடம் யாரும் தொடாமல் இருந்தால் போகிறதா? காலையில் கம்ப்யூட்டரைப் போட்டதும் மட்டும் வருவதில்லையா? கரண்ட் போய் வந்த பிறகா? ஏதாவது மோட்டார் ஓடும்போதா? நேற்றைக்கும் இன்றைக்கும் நடுவே எலக்ட்ரீஷியன், கேமராக்காரர், ஃபைபர் கனெக்‌ஷன் ஆள் யாராவது வந்து போனார்களா? இந்தக் கடைசிக் கேள்வியிலேயே பாதி விஷயம் வெளியே வந்துவிடும்.

பதில்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு ஆரம்பியுங்கள். இன்னொன்று, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். கேபிளையும் அடாப்டரையும் சேர்த்து மாற்றி வேலை செய்துவிட்டால், எது கெட்டது என்று தெரியாமலேயே போய்விடும். பிறகு அந்தப் பழைய அடாப்டரை யாரோ எடுத்து வேறெங்காவது மாட்டுவார்கள்.

படி 1: பெட்டியை ஒதுக்கிவிட்டுப் பாருங்கள்

சாதனத்தை அதனுடைய சொந்தக் கேபிளால் நேராகக் கம்ப்யூட்டரில் செருகுங்கள். பிரிண்டர் கனமாக இருந்தால் ஒரு லேப்டாப்பைப் பிரிண்டர் பக்கம் கொண்டுபோங்கள். அங்கேயே வேலை செய்யவில்லை என்றால் எக்ஸ்டெண்டருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பிரிண்டரையோ டிரைவரையோ பார்க்க வேண்டும். லேப்டாப்பில் வேலை செய்கிறது, ஆபீஸ் கம்ப்யூட்டரில் மட்டும் இல்லை என்றால் அந்தக் கம்ப்யூட்டரின் போர்ட்டை மாற்றிப் பாருங்கள். டெஸ்க்டாப்பின் முன்பக்கப் போர்ட்டுகள் உள்ளே ஒரு சிறு வயரில் தொங்குகின்றன. எக்ஸ்டெண்டருக்குப் பின்பக்கம் மதர்போர்டிலேயே உள்ள போர்ட்தான் சரி. நடுவில் ஹப் இருந்தால் எடுத்துவிடுங்கள். யுஎஸ்பி விதிப்படி கம்ப்யூட்டருக்கும் சாதனத்துக்கும் நடுவே அடுக்கடுக்காக 5 ஹப்புக்கு மேல் இருக்கக் கூடாது. எக்ஸ்டெண்டர்களும் பொதுவாக உள்ளுக்குள் ஹப்பாகவே கணக்கில் வரும்.

படி 2: கரண்ட்

சாதனம் பக்கத்துப் பெட்டிக்கு வரும் அடாப்டரைக் கையில் எடுத்து, அதில் எழுதியிருப்பதையும் பெட்டியில் எழுதியிருப்பதையும் ஒப்பிட்டுப் படியுங்கள். சிசிடிவி கேமராவின் 12 வோல்ட் அடாப்டரும், 5 வோல்ட் எக்ஸ்டெண்டரின் அடாப்டரும் ஒரே உருளை முனையோடு வரும். எக்ஸ்டெண்டரில் கேமரா அடாப்டர் கச்சிதமாக உட்காரும். உட்கார்ந்தால் பெட்டி காலி. எதிர்ப்பக்கமும் உண்டு: வோல்ட் சரியாக இருந்து ஆம்பியர் குறைந்த அடாப்டரை மாட்டியிருப்பார்கள். விளக்கு எரியும், ஸ்கேனரும் வரும். ஆனால் பெரிய வேலை கொடுத்ததும் விட்டுப்போகும்.

யுஎஸ்பி 2.0 போர்ட் ஒன்று அதிகபட்சம் 500 மில்லியாம்பியர் கொடுக்க வேண்டும், யுஎஸ்பி 3.0 என்றால் 900. பிரிண்டருக்குச் சொந்தமாகக் கரண்ட் உண்டு, அதனால் இந்தத் தொல்லை இல்லை. போர்ட்டிலிருந்தே கரண்ட் எடுக்கும் ஹார்ட் டிஸ்க், சில ஸ்கேனர்கள், விரல்ரேகைக் கருவிகள் போன்றவைதான் திணறும். இவற்றுக்குச் சாதனம் பக்கம் சொந்த அடாப்டரோடு வரும் ஹப் ஒன்றை வைத்துப் பாருங்கள். அதோடு சரியாகிவிட்டால் கரண்ட் பற்றாக்குறைதான் என்று முடிவு கட்டலாம்.

நம் ஊரில் மாதப் பராமரிப்புக்காக மின்வாரியம் காலையில் கரண்ட்டை நிறுத்திவிட்டு மாலையில் கொடுக்கும். அன்று மாலை வரும் புகார்கள் தனி ரகம். கம்ப்யூட்டர் யுபிஎஸ்ஸில் இருக்கும், எக்ஸ்டெண்டர் இருக்காது. கரண்ட் வந்ததும் பெட்டிகள் ஒன்றுக்கு முன் ஒன்றாகக் கிளம்பி, ஒன்றையொன்று காணாமல் நின்றுவிடும். இதற்கு ஒரு வரிசை உண்டு. எல்லாவற்றையும் அணைத்து, முதலில் ஸ்விட்ச், பிறகு சாதனம் பக்கத்துப் பெட்டி, பிறகு கம்ப்யூட்டர் பக்கத்துப் பெட்டி, கடைசியில் கம்ப்யூட்டர் என்று போடுங்கள். ஒவ்வொன்றும் விளக்குகள் நிலைக்கும்வரை பொறுங்கள். இதிலேயே தினமும் சரியாகிறது என்றால் ஸ்விட்சையும் பெட்டியையும் யுபிஎஸ்ஸுக்கு மாற்றுங்கள். இரண்டும் எடுக்கும் கரண்ட் கொஞ்சம்தான்.

படி 3: ஒரு மீட்டர் கேபிளில் சோதனை

இரண்டு பெட்டிகளையும் ஒரே மேஜையில் வைத்து, கம்பெனியில் முனை போட்டு வந்த ஒரு மீட்டர் கேபிளால் நேராக இணையுங்கள். ஸ்விட்ச் வேண்டாம், சுவருக்குள் ஓடும் கேபிள் வேண்டாம். நெட்வொர்க் வகையாக இருந்தாலும் இரண்டு பெட்டி கொண்டவை பொதுவாக இப்படி நேரடி இணைப்பிலும் வேலை செய்யும்.

இங்கே வேலை செய்தால் பெட்டிகள் நல்லவை; கோளாறு நடுவழியில். இங்கேயே வேலை செய்யவில்லை என்றால் ரீசெட் பொத்தானை அழுத்தி, கையேட்டில் உள்ளபடி இரண்டையும் மறுபடி ஜோடி சேருங்கள். அதற்கும் வராவிட்டால் கெட்டது பெட்டி. சுவரை உடைக்க வேண்டியதில்லை.

இந்தச் சோதனையை எல்லோரும் தவிர்க்கிறார்கள், ஏனென்றால் மேல்மாடியிலிருந்து ஒரு பெட்டியைக் கழற்றி இறக்க வேண்டும். இறக்குங்கள். இதைவிடத் தெளிவான பதிலைத் தரும் சோதனை வேறு இல்லை.

படி 4: கேபிள்

நடுவழியில் கோளாறு என்று தெரிந்துவிட்டால், அதிகம் சந்தேகப்பட வேண்டியது கேபிளைத்தான். சாதாரண இன்டர்நெட் இந்தக் கேபிளில் ஓடுகிறதே என்று வாதிடுவார்கள். இன்டர்நெட் தரவில் நாலு பாக்கெட் தொலைந்தால் மறுபடி கேட்டு வாங்கிக்கொள்ளும். நமக்குத் தெரியவே தெரியாது. பாயிண்ட் டு பாயிண்ட் பெட்டிகள் அவ்வளவு பொறுமையானவை அல்ல.

முதலில் கம்பியைப் பாருங்கள். மீதமிருக்கும் துண்டில் ஓர் இழையின் உறையை உரித்து, பிளேடால் லேசாகச் சுரண்டுங்கள். உள்ளேயும் செம்பு நிறமாகவே இருந்தால் நல்ல கேபிள். மேலே செம்பு, சுரண்டினால் வெள்ளி நிறம் என்றால் அது செம்பு பூசிய அலுமினியம். கடையில் சிசிஏ என்பார்கள். சுருளைத் தூக்கிப் பார்த்தாலே எடை குறைவாக இருக்கும், விலையும் அப்படித்தான். அலுமினியத்துக்கு மின்தடை ஏறத்தாழ ஒன்றரை மடங்கு அதிகம். இரண்டு மூன்று முறை மடக்கினால் முறிந்தும் போகும். இணையத்துக்குச் சமாளிக்கும். கரண்டையும் சிக்னலையும் சேர்த்து அனுப்பும் எக்ஸ்டெண்டருக்கு ஆகவே ஆகாது.

ஒரு கணக்கு போட்டுப் பார்த்தால் புரியும். 24 கேஜ் செம்பு இழை 100 மீட்டருக்கு 8 ஓமுக்குச் சற்று அதிகமாகத் தடை காட்டும். 30 மீட்டர் ஓட்டினால் போக வர 60 மீட்டர், அதாவது 5 ஓம். மவுஸுக்கு 100 மில்லியாம்பியர் போனால் அரை வோல்ட் வழியிலேயே தொலையும், பரவாயில்லை. 500 மில்லியாம்பியர் கேட்கும் சாதனத்தை மாட்டினால் 5 வோல்ட்டில் பாதி வழியிலேயே போய்விடும். அடாப்டர் இல்லாத குட்டி ஜோடிகள் ஏன் பிரிண்டரோடும் ஹார்ட் டிஸ்க்கோடும் ஒத்துவராது என்பதற்குச் சிக்னல் பிரச்சினையோடு சேர்ந்த இன்னொரு காரணம் இது.

அடுத்து முனை. லேன் டெஸ்டரை மாட்டினால் 1 முதல் 8 வரை வரிசையாக விளக்கு எரிகிறது, ஆகவே கேபிள் சரி என்று முடிவு செய்துவிடுவார்கள். அந்த டெஸ்டர் இழை அறுந்திருக்கிறதா, இடம் மாறியிருக்கிறதா என்று மட்டும்தான் சொல்லும். ஜோடி சரியாக இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. லேன் கேபிளில் 1-2, 3-6, 4-5, 7-8 ஆகியவை ஒன்றோடொன்று முறுக்கிய ஜோடிகளாக இருக்க வேண்டும். புதிதாக முனை போடுகிறவர்கள் ஆரஞ்சு ஜோடி, பச்சை ஜோடி, நீல ஜோடி, பழுப்பு ஜோடி என்று அழகாக வரிசையில் வைத்து இரண்டு பக்கமும் அதேபோல் அழுத்திவிடுவார்கள். டெஸ்டரில் எட்டும் எரியும். ஆனால் 3-ம் 6-ம் வேறு வேறு ஜோடியின் இழைகளாகிவிடும். முறுக்கினால் கிடைக்கும் பாதுகாப்பு போயிற்று. சரியான வரிசை இது: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பழுப்பு, பழுப்பு. டி568பி என்ற முறை. முனையின் கிளிப் கீழே இருக்குமாறு பிடித்து, இடமிருந்து வலமாக எண்ணிப் பாருங்கள். பிளாஸ்டிக் வழியாகவே நிறங்கள் தெரியும்.

வழியில் ஒட்டு இருக்கிறதா என்று தேடுங்கள். ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே நீளம் பற்றாமல் கப்ளர் போட்டிருப்பார்கள். பாயிண்ட் டு பாயிண்ட் பெட்டிகளுக்குச் சுவர் சாக்கெட், பேட்ச் பேனல், கப்ளர் எதுவும் இல்லாத ஒரே நீளக் கேபிள்தான் நல்லது. அட்டையில் போட்டிருக்கும் தூரமும் அப்படிப்பட்ட கேபிளுக்குத்தான்.

அப்புறம், கேபிள் எதன் பக்கத்தில் ஓடுகிறது என்று பாருங்கள். நம் பக்கத்துத் தோல் ஷெட்டுகளில் இதற்கு முக்கிய இடம் உண்டு. ஒரு ஷெட்டில் லேபிள் பிரிண்டர் ஒருநாளைக்குப் பலமுறை விட்டுப்போய்த் தானாகவே திரும்பி வந்தது. கம்ப்யூட்டரில் யுஎஸ்பி துண்டிக்கும் அந்த 'டடங்' ஒலி கேட்டதும் ஓர் ஆளை வெளியே நிறுத்திப் பார்த்தோம். மரப் பீப்பாயைச் சுற்றும் மோட்டாரைப் போடும் அதே நொடியில் ஒலி வந்தது. மோட்டாருக்குப் போகும் மூன்று ஃபேஸ் கேபிளும் லேன் கேபிளும் ஒரே பிவிசி பைப்பில் ஓடியிருந்தன. பைப் ஒன்றில் இடம் இருந்ததால் எலக்ட்ரீஷியன் இதையும் அதிலேயே இழுத்துவிட்டிருந்தார். லேன் கேபிளைத் தனியாக, எதிர்ச் சுவரில் கொண்டுபோன பிறகு அந்தத் தொல்லை நின்றது. ஒரு மோட்டார் லைனைக் கடந்தே ஆக வேண்டுமென்றால் செங்குத்தாகக் குறுக்கே கடக்க விடுங்கள்; பக்கத்திலேயே நீளமாக ஓட விடாதீர்கள்.

இரண்டு கட்டடங்களுக்கு நடுவே வானத்தில் தொங்கும் செம்புக் கேபிளை நான் சிபாரிசு செய்வதில்லை. வேலூரில் கோடை மழை இடியோடுதான் வரும். நேராக மேலே விழ வேண்டியதில்லை, அருகில் எங்காவது இடி விழுந்தாலே போதும். பெட்டியும் மதர்போர்டும் சேர்ந்தே போகலாம். அங்கே ஃபைபர் போடுங்கள். நெட்வொர்க் வகைப் பெட்டியாக இருந்தால் செம்புக்கும் ஃபைபருக்கும் நடுவே சிக்னலை மாற்றித் தரும் இரண்டு மீடியா கன்வெர்ட்டரோடு விஷயம் முடிந்தது.

வெயிலும் ஒரு காரணம்தான். இந்த வகைப் பெட்டிகள் பலவற்றின் கையேட்டில் வேலை செய்யும் வெப்பநிலை 40 டிகிரி வரை என்றுதான் இருக்கும். கத்திரி வெயிலில் வேலூரில் வெளியிலேயே 40-ஐத் தாண்டுகிறது. தகரக் கூரைக்கு அடியில் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. மதியம் மட்டும் விட்டுப்போய் மாலையில் சரியாகிறது என்றால் பெட்டியைத் தொட்டுப் பாருங்கள், பிறகு காற்றோட்டமான இடத்துக்கு இறக்குங்கள். யுபிஎஸ்ஸின் தலையில் வைக்காதீர்கள்.

படி 5: நெட்வொர்க் வகைப் பெட்டிக்கு மட்டும்

"சார், நெட்டே இல்லை, அதான் பிரிண்டர் வரலை" என்பார்கள். இந்தக் குழப்பத்தை முதலில் தீர்த்துவிடுங்கள். எக்ஸ்டெண்டருக்கு இன்டர்நெட் தேவையே இல்லை. ஃபைபர் அறுந்து கிடந்தாலும் உள்ளே லேன் நன்றாக இருந்தால் அது வேலை செய்ய வேண்டும். இன்டர்நெட் போகும்போதெல்லாம் பிரிண்டரும் போகிறது என்றால், இரண்டுக்கும் பொதுவான ஏதோ ஒன்று, பெரும்பாலும் ரவுட்டர், நின்று நின்று ஓடுகிறது என்று பொருள்.

கம்ப்யூட்டரின் ஐபி முகவரியையும் பெட்டியின் ஐபி முகவரியையும் எழுதுங்கள். வீட்டு ரவுட்டர்களை வைத்து நடத்தும் லாட்ஜ், கடை நெட்வொர்க்குகளில் முதல் மூன்று எண்களும் ஒத்திருக்க வேண்டும். கம்ப்யூட்டரில் 192.168.1-ல் தொடங்குகிறது, பெட்டியில் 192.168.0-ல் தொடங்குகிறது என்றால் இரண்டும் வெவ்வேறு நெட்வொர்க்கில் இருக்கின்றன. ஃபைபர்காரர் வைத்த மோடத்தோடு இன்னொரு வைஃபை ரவுட்டரையும் கடைக்காரர் வாங்கி மாட்டினால் இப்படித்தான் ஆகும். இரண்டாவது ரவுட்டரை, தனியாக முகவரி கொடுக்காமல் வைஃபை மட்டும் தரும் ஆக்சஸ் பாயிண்ட் முறைக்கு மாற்றினால் எல்லாம் ஒரே நெட்வொர்க்காகும். முகவரி 169.254 என்று தொடங்கினால் ரவுட்டரிடமிருந்து முகவரியே வரவில்லை. கேபிளையும் ஸ்விட்சையும் மறுபடி பாருங்கள்.

பிறகு பெட்டியின் முகவரியை பிங் செய்யுங்கள், அதாவது அது பதில் சொல்கிறதா என்று கேட்கும் கட்டளையைக் கம்ப்யூட்டரில் கொடுங்கள். நிறுத்தாமல் ஓடவிட்டு ஐந்து நிமிடம் கவனியுங்கள். லேனுக்குள் பதில் 1 மில்லிவினாடி அளவில், சீராக வர வேண்டும். நடுநடுவே 'ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்' வந்தால் வழியில் பாக்கெட் தொலைகிறது. 2, 3, 80, 4, 150 என்று தாறுமாறாக ஏறி இறங்கினால் நடுவில் எங்கோ வைஃபை இருக்கிறது, இல்லையென்றால் ஸ்விட்ச் திணறுகிறது. வைஃபை வழியாக எக்ஸ்டெண்டரை ஓட்ட வேண்டாம் என்பதே என் தீர்மானமான கருத்து. கூடவே ஒன்று: இரண்டு பெட்டி கொண்ட சில மாடல்களுக்கு ஐபி முகவரியே கிடையாது, மேக் முகவரியை வைத்தே பேசிக்கொள்ளும். அவற்றை பிங் செய்ய முடியாது, ரவுட்டரைத் தாண்டியும் போகாது. இரண்டும் ஒரே ஸ்விட்ச் கூட்டத்துக்குள், ஒரே விலேனில் (ஸ்விட்சுக்குள் பிரித்து வைத்த தனி நெட்வொர்க்) இருக்க வேண்டும்.

நேற்று வேலை செய்தது, இன்று சாஃப்ட்வேரில் பெட்டியே தெரியவில்லை என்றால் முகவரி மாறியிருக்கலாம். ரவுட்டர் தானாகக் கொடுக்கும் முகவரி நிரந்தரமானது அல்ல. ரவுட்டரின் செட்டிங்கில் பெட்டியின் மேக் முகவரிக்கு ஒரு ஐபியை ஒதுக்கிவிடுங்கள். வேறு சாதனமும் அதே முகவரியை எடுத்திருக்கிறதா என்று சந்தேகமா? எக்ஸ்டெண்டரின் கேபிளைப் பிடுங்கிவிட்டு, கொஞ்சம் பொறுத்து, அதன் முகவரியை பிங் செய்யுங்கள். பெட்டி இல்லாதபோதும் பதில் வந்தால் இன்னொருவர் அந்த முகவரியில் உட்கார்ந்திருக்கிறார். அநேகமாகக் கைமுறையாக ஐபி கொடுத்த கேமரா அல்லது டிவிஆர்.

பிங் வருகிறது, ஆனால் சாஃப்ட்வேரில் தெரியவில்லை என்றால் ஃபயர்வால். புது ரவுட்டர் மாட்டியதும் விண்டோஸ் அதைப் புது நெட்வொர்க்காக எடுத்துக்கொண்டு 'பப்ளிக்' என்று வகைப்படுத்திவிடும். அங்கே கட்டுப்பாடு கூடுதல். அதை 'பிரைவேட்' ஆக்குங்கள். எக்ஸ்டெண்டரின் சாஃப்ட்வேரை ஃபயர்வாலின் அனுமதிப் பட்டியலில் சேருங்கள். ஃபயர்வாலை முழுதாக அணைத்துச் சோதித்தால் ஒரு நிமிடத்தில் மறுபடி போட்டுவிடுங்கள். போர்ட் எண் கேட்டால் லினக்ஸ் யுஎஸ்பி ஐபிக்கு 3240, விர்ச்சுவல்ஹியருக்கு 7575.

பெட்டி தெரிகிறது, சாதனமும் தெரிகிறது, ஆனால் இணைய மறுக்கிறது என்றால் வேறு யாரோ பிடித்து வைத்திருக்கிறார்கள். யுஎஸ்பி சாதனம் ஒரு நேரத்தில் ஒரு கம்ப்யூட்டருக்குத்தான் சொந்தமாக இருக்கும். கீழே ரிசப்ஷனில் இருக்கிறவர் ஸ்கேனரை விடுவிக்காமலேயே சாப்பிடப் போயிருப்பார். அந்தக் கம்ப்யூட்டரில் 'டிஸ்கனெக்ட்' கொடுத்தால் போதும்.

ஸ்விட்சையும் ஒரு பார்வை பாருங்கள். மின்சாரம் மிச்சம் பிடிக்கும் 'கிரீன் ஈதர்நெட்' அமைப்பு சில பெட்டிகளோடு ஒத்துப்போவதில்லை. அந்தப் போர்ட்டில் மட்டும் அதை அணைத்துப் பாருங்கள். செட்டிங் மாற்றக்கூடிய மேனேஜ்டு ஸ்விட்ச் என்றால், பல சாதனங்களுக்கு ஒரே நேரத்தில் போகும் தரவை (மல்டிகாஸ்ட்) கட்டுப்படுத்தும் ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் போன்ற அமைப்புகளும் பெட்டிகள் ஒன்றையொன்று கண்டுபிடிப்பதைத் தடுக்கலாம். அதே ஸ்விட்சில் முப்பது கேமரா ஓடுகிறது என்றால் எக்ஸ்டெண்டருக்குத் தனியாக ஒரு சின்ன ஸ்விட்ச் வாங்குவதுதான் சுலபம்.

படி 6: விண்டோஸ்

சும்மா இருந்தால் போய்விடுகிறது, கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்தால் வருகிறது என்ற புகாருக்கு இங்கேதான் பதில். பவர் ஆப்ஷனில் 'யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட்' என்பதை அணையுங்கள். டிவைஸ் மேனேஜரில் யுஎஸ்பி ரூட் ஹப் ஒவ்வொன்றையும் திறந்து, மின்சாரம் மிச்சம் பிடிக்க இதை அணைக்கலாம் என்ற டிக்கை எடுங்கள். நெட்வொர்க் அடாப்டரிலும் அதே டிக் இருக்கும். கம்ப்யூட்டர் தூங்கப் போகாதபடியும் வையுங்கள்.

காலையில் மட்டும் வரவில்லை, ரீஸ்டார்ட் கொடுத்தால் வருகிறது என்றால் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' காரணமாக இருக்கலாம். ஷட் டவுன் கொடுத்தாலும் அது கம்ப்யூட்டரை முழுதாக அணைப்பதில்லை. அதை எடுத்துவிடுங்கள்.

டிவைஸ் மேனேஜரில் 'கோடு 43' அல்லது 'டிவைஸ் டிஸ்கிரிப்டர் ரிக்வெஸ்ட் ஃபெயில்டு' என்று நின்றால், சாதனம் செருகப்பட்டது கம்ப்யூட்டருக்குத் தெரிகிறது, ஆனால் பேச்சு முடியவில்லை என்று அர்த்தம். இது பெரும்பாலும் டிரைவர் சமாசாரம் அல்ல. படி 2-க்கும் 4-க்கும் திரும்பிப் போங்கள்.

டிஎஸ்சி டோக்கன் வைத்திருப்பவர்களுக்கு

ஆடிட்டர் ஆபீஸ்களில் இருந்து இது தனியாகவே வருகிறது. ஜிஎஸ்டி, வருமான வரித் தாக்கலில் டிஜிட்டல் கையெழுத்துப் போடும் யுஎஸ்பி டோக்கனை ஆபீஸ் கம்ப்யூட்டரில் செருகிவிட்டு, வீட்டிலிருந்து ரிமோட் டெஸ்க்டாப்பில் உள்ளே வருவார்கள். டோக்கன் தெரியாது. எக்ஸ்டெண்டர் கெட்டுவிட்டது என்று நினைப்பார்கள். கெடவில்லை. விண்டோஸின் ரிமோட் டெஸ்க்டாப்பில் ஸ்மார்ட் கார்டு வகைச் சாதனங்கள், நீங்கள் உட்கார்ந்திருக்கும் கம்ப்யூட்டரில் இருந்துதான் எடுத்துக்கொள்ளப்படும். அந்தப் பக்கத்தில் செருகியது கணக்கில் வராது. டோக்கனை உங்கள் கையிலிருக்கும் கம்ப்யூட்டரில் செருகி, இணைப்பு அமைப்பில் ஸ்மார்ட் கார்டைப் பகிரும்படி டிக் செய்யுங்கள். திரையை அப்படியே காட்டும் வேறு ரிமோட் மென்பொருள்களில் இந்தத் தடை பொதுவாக இராது.

டோக்கனை லேனில் பொதுவாக மாட்டி எல்லோரும் பயன்படுத்துவது வேலைக்கு வசதிதான், ஆனால் அதைச் செய்யாதீர்கள். 2000-ம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், பிரிவு 42-ல், கையெழுத்துப் போடும் ரகசியக் குறியீடான தனிச் சாவியைத் தன் கட்டுப்பாட்டில் வைத்துக்கொள்ளும் பொறுப்பைச் சான்றிதழ் வாங்கியவர்மீதே வைக்கிறது. யார் கையெழுத்திட்டாலும் பெயர் அவருடையது.

எதற்கு எக்ஸ்டெண்டரே வேண்டாம்

வெப்கேமரா, மைக், ஹெட்செட் ஆகியவை இடைவிடாமல், நேரம் தவறாமல் தரவு கேட்பவை. டிவைஸ் சர்வர்களில் பல இவற்றை ஏற்பதில்லை. ஏற்பவற்றிலும் படம் உறையும், குரல் உடையும். கையேட்டில் இந்த வகைத் தரவுக்கான 'ஐசோக்ரோனஸ்' ஆதரவு உண்டு என்று போட்டிருந்தால் மட்டும் வாங்குங்கள். பிரிண்டரைப் பொறுத்தவரை, அடுத்த முறை மாற்றும்போது ஈதர்நெட் போர்ட் உள்ள மாடலாகவே வாங்கிவிடுங்கள். கொஞ்சம் கூடுதல் விலைதான். இந்தப் பெட்டியின் தேவையே இராது.

விற்றவருக்குப் போன் செய்யும் முன்

ரிச்சி தெருவில் வாங்கி வந்த பெட்டியை மாற்ற காட்பாடியில் ரயிலேறி சென்னை போக வேண்டியிருக்கும். போய் "வேலை செய்யலை" என்று மட்டும் சொன்னால், அங்கே ஒரு மீட்டர் கேபிளில் மாட்டி, வேலை செய்கிறது என்று காட்டித் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதனால் இவற்றைக் கையில் எழுதிக்கொண்டு பேசுங்கள்: மாடல் எண், பெட்டியில் உள்ள மென்பொருள் பதிப்பு, கேபிளின் வகையும் நீளமும், நடுவில் எத்தனை ஒட்டு, எந்த விளக்கு எரிகிறது எது சிமிட்டுகிறது, எந்தச் சாதனம், விண்டோஸின் எந்தப் பதிப்பு, ஒரு மீட்டர் கேபிளில் என்ன ஆனது. விளக்குகளை போனில் வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பில்லையும், இரண்டு பெட்டிகளையும், அவற்றோடு வந்த அதே அடாப்டர்களையும் சேர்த்தே எடுத்துப் போங்கள். ஜோடியில் ஒன்றை மட்டும் கொண்டுபோனால் சோதிக்கவும் முடியாது, மாற்றவும் மாட்டார்கள்.